கமலாபாயை வாரிசு என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். காணொளியும் இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "முதல் நடிகையே அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்த வாரிசுதானே" என்றார் பேச்சாளர். அரங்கம் சிரித்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும், தொண்டை அடைத்துக்கொண்டது.

அவர் கேலி செய்தது இந்திய சினிமாவின் முதல் நடிகைகளில் ஒருவரான கமலாபாய் கோகலேயை. கமலாபாய் வாரிசு இல்லை. வாரிசாக வந்து சேர அங்கே ஒரு சொத்தும் இல்லை.

தாய் துர்காபாய் காமத், கணவரைப் பிரிந்து மகளோடு நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். மேடையேறும் பெண்ணை மதிக்காத காலம் அது. 1913இல் வெளியான, இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் எனப்படும் 'ராஜா ஹரிச்சந்திரா'வை இயக்குநர் பால்கே எடுத்தபோது அரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடிக்க ஒரு பெண்கூடக் கிடைக்கவில்லை. பாலியல் தொழில் செய்த பெண்களிடமும் கேட்டுப் பார்த்தார்; அவர்களும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் உணவு விடுதியில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞர் சேலை கட்டிக்கொண்டு நின்றார். அதே ஆண்டு பால்கேயின் 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் துர்காபாய் பார்வதி, சிறுமி கமலாபாய் மோகினி. எல்லாப் பெண்களும் ஒதுங்கிப்போன இடத்தில் தாயும் மகளும் வந்து நின்றார்கள். இதையா சலுகை என்கிறீர்கள்?

"தாய் நடிகையாக இல்லாவிட்டால் வாய்ப்பு வந்திருக்குமா?" என்று கேட்பீர்கள். வந்திருக்காது. ஆனால் யாரையும் தள்ளிவிட்டு அவர் முன்னால் போகவில்லை. பின்னால் வரிசையே இல்லை. "இன்று சினிமாவில் வாரிசுகள் இல்லையா?" இருக்கிறார்கள். அதை அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

என் அத்தை ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது ஊர்த் திருவிழா மேடை நாடகத்தில், ஸ்திரீபார்ட்; கதாநாயகி வேடம் கட்டுபவர். திருவிழாக் காலத்தில் விடிய விடிய வள்ளியாக நின்று பாடுவார், ஊரே கைதட்டும். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், சுவரில் மாட்டியிருந்த வேடப் படத்தைப் பார்த்ததும் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். எனக்குப் பதினொரு வயது. ஆறிப்போன டம்ளர்களை நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன். அடுத்த வரன் வந்த நாளில் அந்தப் படம் சுவரில் இல்லை. அத்தையும் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். நாடகக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த சொத்து இதுதான்.

கமலாபாயின் கணவர் ரகுநாத்ராவும் மேடை நடிகர். அவர் இளம் வயதிலேயே இறந்துவிட, மூன்று மகன்களை வளர்க்க கமலாபாய் மேடையில்தான் நின்றார். ஆண் வேடமும் கட்டினார். மகன்களில் சந்திரகாந்த் நடிகரானார். மற்ற இருவரும் தபலா கலைஞர்கள். பேரன் விக்ரம் கோகலேயை இந்திப் படங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டென்றால் அது அந்த அம்மாள் உழைத்துச் சேர்த்தது. சேர்த்தவரையே வாரிசு என்பது என்ன நியாயம்?

முதுமையில் அவரை வைத்து ரீனா மோகன் எடுத்த ஆவணப்படம் இருக்கிறது. பேசுவதற்கு முன் அதையாவது பார்த்திருக்கலாம்.

அந்தப் பேச்சாளர் மீதுகூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை. காணொளியில் சிரிக்கிறவர்களில் என் நண்பர்கள் இருவர் இருக்கிறார்கள். இருவரும் அத்தை கையால் சாப்பிட்டவர்கள். நீங்களும் சிரித்தீர்களே.