லேப்டாப்பைக் கழற்றியே பார்க்காமல் "போர்டு போச்சு" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மூன்று வாரமாக மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். இன்று கொட்டியே ஆக வேண்டும்.

காவேரிப்பட்டினத்தில் வீட்டிலிருந்தபடியே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். என் லேப்டாப் 2015இல் வாங்கியது. கீபோர்டில் பாதி எழுத்து அழிந்துவிட்டது, பேட்டரி அரை மணி நேரம் தாங்காது. ஆனால் கணக்கு சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறது, எனக்கு அது போதும்.

தொல்லை டிஸ்ப்ளேயில் ஆரம்பித்தது. முதலில் வலது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு. அப்புறம் மூன்று. மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் திரை மொத்தமும் வெளுத்துப்போகும். முன்னால் இழுத்தால் திரும்பி வரும். ஏதோ ஒரு சாய்வில்தான் ஒழுங்காகத் தெரியும். அதில் நிறுத்துவதற்காக அரிசி அளக்கும் படியைப் பின்னால் முட்டுக்கொடுத்து வேலை பார்த்தேன். ஃபேன் காற்றுக்கு மூடி இம்மி அசைந்தாலும் போச்சு.

20ஆம் தேதிக்குள் கடைகளின் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கை, அதாவது ஜிஎஸ்டிஆர் 3பி, போட வேண்டும். 18ஆம் தேதி ராத்திரி, பெயிண்ட் கடைக் கணக்கில் ஒரு இலக்கம் 8-ஆ 3-ஆ என்று தெரியவில்லை. சரியாக அதன் மேலேயே பச்சைக் கோடு. தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஹெச்டிஎம்ஐ ஒயரை எடுத்து டிவியில் மாட்டினேன். பளிச்சென்று தெரிந்தது, ஒரு கோடுகூட இல்லை. மாமியார் இரண்டு நாள் சீரியலை விட்டுக்கொடுத்தார், டிவியில் பார்த்தே வேலையை முடித்தேன்.

அப்புறம் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினேன். ரவுண்டானா பக்கம் ஒரு கடை. அங்கிருந்த பையன் ஆன் செய்தான், கோட்டைப் பார்த்தான், அணைத்துவிட்டான். "போர்டு போயிடுச்சுக்கா. இதுக்குப் போய் செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிடுங்க." ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஸ்க்ரூடிரைவரைக் கையில்கூட எடுக்கவில்லை.

"தம்பி, டிவியில் மாட்டினால் நல்லாத் தெரியுது, மூடியை அசைச்சாத்தான் கோடு மாறுது" என்று சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. போர்டில், அதாவது உள்ளே இருக்கும் முக்கியச் சர்க்யூட்டில், படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் போயிருந்தால் டிவியிலும் கோடு வர வேண்டாமா? ஆன் செய்ததும் எஃப்2 தட்டி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னாலேயே வரும் பயாஸ் செட்டிங்குக்குள் போனால் அங்கேயும் கோடு நிற்கிறது, ஆக விண்டோஸ் மேலும் பழி போட முடியாது. மிச்சம் இருப்பது பேனல் என்கிற திரைத் தகடும் கேபிளும்தான். போர்டிலிருந்து திரைக்குப் போகும் கேபிள் மூடியின் ஹிஞ்ச் (கீல்) வழியாகத்தான் போகிறது. திறந்து மூடும்போதெல்லாம் அது மடங்குகிறது. பத்து வருடம் மடங்கினால் உள்ளே ஒயர் அறுகாதா? கணக்கு எழுதுகிற எனக்கே இது தெரிகிறது. இதையே தொழிலாகச் செய்கிறவருக்குத் தெரியாதா?

தருமபுரியில் இன்னொரு கடை. அங்கேயும் கேபிளைத்தான் பார்க்கச் சொன்னேன். "பேனல் மாத்தினா சரியாயிடும்" என்று 4,800 ரூபாய் வாங்கினார்கள். ஆறே நாளில் அதே பச்சைக் கோடு, அதே இடத்தில். திரும்பப் போனால், "அப்ப போர்டுதாங்க்கா." என் பழைய பேனல் எங்கே என்றேன். "அது ஸ்கிராப்ல போயிடுச்சே." வயிறு எரிந்தது. அந்தப் பேனலில் ஒரு பழுதும் இல்லை! இப்போது மாட்டியிருப்பது நீலம் பூத்துக் கிடக்கிறது, பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்தே இருட்டு.

கேபிள் மாடலுக்கு மாடல் மாறும், முனையில் 30 பின் 40 பின் என்று வித்தியாசம் உண்டு, கடையில் ஸ்டாக் இருக்காது. எல்லாம் சரி. "இல்லைக்கா, வரவழைக்கப் பத்து நாள் ஆகும்" என்று நேராகச் சொன்னால் காத்திருக்க மாட்டேனா? பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளமே திறந்தது. உரிமை இருந்து என்ன செய்ய? கழற்றிப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

நேற்று ராத்திரி பேட்டரியைக் கழற்றிவிட்டு, தம்பியை டார்ச் பிடிக்கச் சொல்லி நானே ஃப்ரேமைத் திறந்தேன். இடது ஹிஞ்ச் ஓரத்தில் கேபிளைச் சுற்றியிருந்த கறுப்பு டேப் நைந்து கிழிந்திருந்தது. உள்ளே முடி கனத்தில் இரண்டு ஒயர்கள் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரிகிற பழுது! இதற்குத்தான் மொத்த லேப்டாப்பையும் தூக்கிப்போடச் சொன்னார்கள்.

கேபிளில் ஒட்டியிருந்த பார்ட் நம்பரை எழுதி வைத்துக்கொண்டேன். நாளைக் காலை எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் பெங்களூரு எஸ்பி ரோட்டுக்குப் போகிறேன். வந்ததும் தருமபுரிக்கு ஒரு நடை. அறுந்த கேபிளை அந்த மேசை மேல் வைத்து, என் பழைய பேனலுக்கும் 4,800 ரூபாய்க்கும் பதில் கேட்காமல் வரமாட்டேன்.