முதல் மாதம் கன்னம் மட்டும்

போன கிழமை சொந்தக்காரர் வீடொன்றில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றேன். ஒருவர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு எந்தச் சலூன் என்று கேட்டார். நானே வழித்தது, மடக்குச் சவரக்கத்தியால் என்றேன். அவர் முகம் மாறியது. "அது நம்மட வேலையா?" என்றார்.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பெரியவர், அதுவும் விருந்து வீடு. இங்கே சொல்கிறேன்.

ஆவணியில் தொடங்கினேன், எட்டு மாதமாகிறது. கத்தி கிடைத்தது மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம் முன்பு சலூன் வைத்திருந்த ஒரு ஐயாவிடம். அரை பிளேட் போடும் றேசர் வந்தபிறகு அவர் அதை எடுத்ததே இல்லையாம். ஒரே கத்தியைப் பலருக்குப் போட்டால் இரத்தத்தால் நோய் தொற்றும். அதனால் ஆளுக்கு ஒரு புது பிளேட் என்று ஆனது. அது சரியான மாற்றம். சலூனில் புது பிளேட்டைக் கண்முன்னே உடைத்துப் போடச் சொல்ல யாரும் கூச்சப்படத் தேவையில்லை. ஆனால் அதோடு கத்தியை நீவிக் கூராக்கும் தோல்வாரும் சாணைக்கல்லும் பரணுக்குப் போய்விட்டன. அவற்றோடு இருந்த கைப்பழக்கமும் போகிறது, அதுதான் எனக்குக் கவலை.

கத்தியின் அடித்தண்டில் சோலிங்கன் என்று பொறித்திருக்கிறது. ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர். அலகின் அகலம் 5/8 அங்குலம், முனை வட்டமானது. புதிதாகப் பழகுபவருக்கு இந்த அளவும் இந்த முனையும்தான் நல்லது; கூர்முனை காதோரத்தில் குத்திவிடும். பழைய கத்தி என்பதால் பிடியைத் தவிர்த்து அலகு முழுவதையும் தேய்த்துக் கழுவி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்தோம். இப்போது அது என் முகத்துக்கு மட்டும்.

ஐயா முதலில் அதைக் கல்லில் போட்டார். 1000 நம்பர் கல், பிறகு 4000, கடைசியில் 8000; நம்பர் கூடக் கூடக் கல் மென்மை. பக்கத்தில் இருந்து பார்த்தபோது ஒன்று விளங்கியது. கத்தியின் முதுகும் வாயும் (வெட்டும் ஓரம்) இரண்டும் கல்லில் படும்படி படுக்கவைத்துத்தான் தேய்க்கிறார். கோணத்தைக் கை வைப்பதில்லை, முதுகின் தடிப்பே வைத்துக்கொடுக்கிறது. கத்தி செய்தவன் அந்தக் கணக்கை இரும்புக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறான். சமையல் கத்தியைத் தீட்டுவதுபோலச் சரித்துத் தீட்டினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். மலிவு விலைக்கு வாங்கும் பளபளப்புக் கத்திகளில் பல இந்த இடத்திலேயே தோற்கின்றன. முதுகு கோணல், வாய் கூர் பிடிக்காது. அப்படி ஒன்றை வாங்கிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு, இது நமக்குச் சரிவராது என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். பிழை அவர்களிடம் இல்லை.

அப்புறம் தோல்வார். இரண்டு கிழமை ஐயா என்னைச் சவரம் செய்யவே விடவில்லை. ஜன்னல் கம்பியில் வாரைக் கட்டி, இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியைப் போக்கி எடுக்க வேண்டும். முதுகு முன்னே போகும், வாய் பின்னால் வரும். திருப்பும்போது முதுகின் மேல்தான் உருட்டித் திருப்ப வேண்டும். அவசரத்தில் வாய்ப்பக்கமாகத் திருப்பினால் வார் வெட்டுப்படும், என் வாரில் அப்படி மூன்று வெட்டு இருக்கிறது. ஐயா ஒன்றும் ஏசவில்லை. "முகத்தில விழ வேண்டியது வாரில விழுந்திட்டு, நல்லம்தான் மகன்" என்றார். இப்போது ஒவ்வொரு சவரத்துக்கும் முன் 60 தரம் வாரில் போடுகிறேன். அழுத்தம் கூடாது. கத்தியின் பாரம் போதும்.

முகத்தில் வைத்த முதல் நாள் கை நடுங்கியது. வலது கன்னம் மட்டும், மேலிருந்து கீழே, முடி போகும் போக்கில். கத்தியின் முதுகுக்கும் தோலுக்கும் இடையே 30 பாகை அளவு இடைவெளி. அதைவிடத் தட்டையாக வைத்தால் முடியைப் பிடித்து இழுக்கும், நிமிர்த்தினால் தோலைச் சீவும். இதை எங்கேயும் படிக்கலாம். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம், பாதி வேலை மற்றக் கைக்கு என்பது. தோலை இழுத்துப் பிடிக்கும் கைதான் சவரத்தைத் தீர்மானிக்கிறது. காதுக்கு மேலே விரலை வைத்துக் கன்னத்தை மேலே இழுத்தால் கத்தி தானாக இறங்குகிறது. தோல் தளர்ந்த இடத்தில்தான் வெட்டு விழும். விரல் ஈரமாக இருந்தால் வழுக்கும், அதனால் பக்கத்தில் ஒரு காய்ந்த துவாய் வேண்டும்.

இன்னொன்று, இரண்டு நாள் வளர்ந்த தாடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் முடி கீழ்நோக்கிப் போவதில்லை. எனக்குக் கழுத்தின் இடப்பக்கம் பக்கவாட்டில் போகிறது. அது தெரியாமல் பல வருடம் அந்த இடத்தைப் புண்ணாக்கியிருக்கிறேன்.

குளித்து முடித்த கையோடு வழியுங்கள். தண்ணீர் குடித்த முடிதான் மெத்தென்று அறுபடும். சவர்க்கார நுரை போன இடத்தில் மறுபடி கத்தி வைக்காதீர்கள். சின்னக் கீறலுக்குப் படிகாரம் போதும்.

தொடங்குபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முதல் மாதம் கன்னம் மட்டும். மிச்சத்தை வழக்கமான றேசரால் முடியுங்கள். ஒரே நாளில் முழு முகமும் வழித்தேன் என்று படம் போடுகிறார்கள். நாடியின் வளைவும் மேலுதடும் வேறு கோணம், வேறு இழுப்பு. எட்டு மாதத்துக்குப் பிறகும் அந்த இரண்டு இடமும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. எங்கள் வீடு கல்லடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மார்கழி மழைக்காலத்தில் ஒரு இரவு கத்தியைக் குளியலறையிலேயே வைத்துவிட்டேன். காலையில் வாய் நெடுகப் பழுப்புப் புள்ளிகள். கார்பன் உருக்கு அப்படித்தான். மிக மெல்லிய இடம் வாய் என்பதால் துரு அதைத்தான் முதலில் தின்னும். மறுபடி கல்லுக்குப் போக வேண்டியதாயிற்று. இப்போது கழுவித் துடைத்து, கொஞ்சம் காற்றுப்பட வைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசி அறை அலுமாரியில் வைக்கிறேன்.

சரி, "நம்மட வேலையா" என்ற கேள்விக்கு வருகிறேன். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் சவரத் தொழில் செய்யும் மக்கள் வந்து நிற்காமல் நம் சடங்குகள் நடந்ததில்லை. அவர்கள் கைக்கு நம் தொண்டைக்குழியை நீட்டிக் கண்ணை மூடிப் படுத்திருந்தோம். வெளியே வந்து அந்த வேலையின் பெயரையே வசவாக்கினோம். என் சொந்த முகத்தின் ஒரு கன்னத்தை வெட்டில்லாமல் வழிக்க எனக்கு ஒரு மாதம் போனது. ஐயா ஐம்பது வருடத்துக்குக் கிட்ட, அசையும் முகங்களை, இருமும் முகங்களை, அழும் பிள்ளைகளின் தலைகளை வழித்தவர். அவரை வாசலில் நிற்கவைத்துப் பேசியவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். கோபம்தான்.

ஞாயிறு மாலை ஐயா வீட்டுக்குப் போனேன். கதிரையில் இருத்தி, வெளிச்சத்துக்கு என் முகத்தைத் திருப்பி, பெருவிரலைத் தாடைக்கு அடியில் மேல்நோக்கி ஓட்டிப் பார்த்தார். இடப்பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இஞ்ச பாதியில பயந்திருக்காய் மனே. தோலை இன்னும் கொஞ்சம் இழு."