ஒரே கட்டளையாம்!

மண்டபத்தில் அப்பாவின் விசைப்படகுக்கு டீசல், ஐஸ் கணக்கு எழுதச் சிறு இணையதளம் செய்ய பைத்தான் நிரல்மொழியில் இயங்கும் ஜாங்கோ என்ற கருவித்தொகுப்பைக் கையில் எடுத்தேன். ‘அதை நிறுவ ஒரே கட்டளை போதும்’ என்கின்றன பாடங்கள். அதற்கு முன் பைத்தான் வேண்டும், அது இருக்கும் இடம் கணினிக்குத் தெரிய வேண்டும், இந்த வேலைக்கான மென்பொருள்களை மட்டும் வைக்கத் தனிச் சூழல் ஒன்றை உருவாக்க வேண்டும். புதிதாக முனையம் (கட்டளை தட்டும் சாளரம்) திறக்கும்போதெல்லாம் அந்தச் சூழலை மறுபடி இயக்க வேண்டும் என்பதை யாருமே அழுத்திச் சொல்லவில்லை! நிறுவிய ஜாங்கோ எங்கே போயிற்று என்று இரண்டு இரவுகள் தேடினேன். இதற்கிடையில் வாடைக்காற்றுக்கு மின்சாரம் வேறு போய்விட்டது.

ஒருவழியாகச் சர்வர் ஓடியது. உடனே 18 மைக்ரேஷன்கள் (தரவுத்தள அமைப்பில் செய்ய வேண்டிய மாற்றங்கள்) பாக்கி என்று சிவப்பில் எச்சரிக்கை. நான் ஒரு வரிகூட எழுதவில்லையே, என்ன பாக்கி? பயனர் கணக்கு, நிர்வாகப் பகுதி ஆகியவற்றுக்கான அட்டவணைகளாம். ‘மைக்ரேட்’ கட்டளை கொடுத்தால் தீர்ந்துவிடும். அதைப் பயமுறுத்தாமல் முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா?