பாணிக்கு அடுத்து ஒப்பந்தம்

தனக்கென ஒரு பாணியைக் கண்டடைந்துவிட்டால் ஓவியருக்கு வாய்ப்புகள் தாமாக வந்து சேரும் என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. பாணி முதல் வாய்ப்பைப் பெற்றுத் தரலாம். தொழிலில் நிலைத்திருப்பதோ பெரும்பாலும் ஒப்பந்தத்தின் ஓரிரு வரிகளைப் பொறுத்தது. நூல் அட்டைக்காக வரைந்த படத்தை, 'அனைத்து உரிமைகளும்' என்ற ஒற்றைத் தொடரின் பலத்தில், அதே கட்டணத்துக்குச் சுவரொட்டியிலும் நாட்காட்டியிலும் பதிப்பாளர் பயன்படுத்திக்கொள்ள முடியும். பதிப்புரிமை குறித்த பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி ஓவியரின் ஆயுட்காலத்துக்குப் பிறகும் பொதுவாகக் குறைந்தது 50 ஆண்டுகள் நீடிக்கும் உரிமையை அவ்வாறு மொத்தமாகத் தாரைவார்க்காமல், எந்தப் பயன்பாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளில் என்று வரையறுத்து உரிமம் மட்டும் வழங்குவதே முறை. திருத்தங்களின் எண்ணிக்கையையும் பென்சில் வரைவு நிலையிலேயே எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வண்ணம் தீட்டி முடித்த பிறகு, கதாபாத்திரம் இடப்பக்கம் திரும்பி நிற்கட்டும் என்று சாவகாசமாகச் சொல்பவர்கள் (அவர்கள் எங்கும் இருக்கிறார்கள்) அதற்கும் தனிக் கட்டணம் தர வேண்டும்.