மேலே இருப்பதை மட்டும் மாற்றுங்கள் என்றேன்

ஈ.கோலை பாக்டீரியா வளர்க்கும் கலன் நேற்றும் நுரைத்துப் பொங்கிவிட்டது. நள்ளிரவு 2 மணிக்கு. பால் பொங்கினால் அடுப்பை அணைத்துவிடலாம், ஈ.கோலை பொங்கினால் காற்றை அடைக்க முடியுமா? மூச்சுத் திணறி, வளர்வதை விட்டுவிட்டு அமிலத்தைக் கக்க ஆரம்பித்துவிடும்.

முதலில் கண்ணாடிச் சுவரில் ஒரு விரற்கடை நுரை. சரி, அடங்கிவிடும் என்று நினைத்தேன். நான்கு விரற்கடை ஆனது. நுரையடக்கும் சிலிக்கோன் எண்ணெய் தானாகச் சொட்டியது, நுரை அமர்ந்தது. மறு நிமிடமே திரவத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அளவு சரிந்தது. சரியாதா பின்னே? அந்த எண்ணெய் நுரையை மட்டுமா உடைக்கிறது? உள்ளே இருக்கும் குட்டிக் குமிழிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறது. ஆக்சிஜன் போதவில்லை என்றதும் நம் தானியங்கி மேதாவி கலக்கியின் வேகத்தை நிமிடத்துக்கு 600 சுற்றிலிருந்து 750-க்கு ஏற்றியது. வேகம் ஏறியதும் நுரை. நுரை வந்ததும் எண்ணெய். எண்ணெய் விழுந்ததும் மூச்சுத்திணறல். மறுபடியும் வேகம். இப்படியே நான்கு சுற்று! ஐந்தாவது சுற்றில் நுரை, கலனிலிருந்து வெளியேறும் காற்றின் வடிகட்டிக்குள் ஏறி அதை நனைத்தது. வடிகட்டி அடைத்துக்கொண்டது, அழுத்த மணி அலறியது.

மூன்று மாதமாகச் சொல்கிறேன். கீழே ரஷ்டன் என்ற தட்டைத்தகடு இம்பெல்லர் (கலக்கும் சக்கரம்) இருக்கட்டும், தெளிப்பானிலிருந்து வரும் காற்றைப் பொடிப்பொடியாக்க அது வேண்டும். ஆனால் திரவ மட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே இன்னொரு ரஷ்டன் எதற்கு? ஆறு தட்டைத் தகடுகளும் பக்கவாட்டில் அடித்து, மேலிருக்கும் காற்றையும் உள்ளே இழுத்து, ஆம்லெட்டுக்கு முட்டை அடிப்பதுபோல் அடிக்கின்றன. அதைக் கழற்றிவிட்டு, தகடுகளை 45 டிகிரி சாய்த்து வைத்த, கீழ்நோக்கித் தள்ளும் இம்பெல்லரை மாட்டினால், நுரையைத் தண்டோரமாகத் திரவத்துக்குள் இழுத்துக்கொள்ளும். கிருமிநீக்கத்துக்கு முன்னால் ஒரு திருகைத் தளர்த்தினால் முடிகிற வேலை. சாய்தகடு இம்பெல்லர் எங்கே இருக்கிறது தெரியுமா? அதே கலனின் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்!

மேலிடத்துப் பதில்: “ரஷ்டன்தான் ஆக்சிஜன் கொடுக்கும், தம்பி.” கொடுக்கிறது, ஐயா. ஒரு கையால் அது கொடுப்பதை மறு கையால் எண்ணெய் ஊற்றிப் பிடுங்கிக்கொள்கிறோமே! அந்த எண்ணெய் தங்கள் சவ்வு வடிகட்டியை அடைக்கிறது என்று சுத்திகரிப்புப் பிரிவு திட்டுவதும் என்னைத்தான்.

விடியற்காலை 5 மணிக்குத் துடைத்து முடித்தேன். சட்டைக் கையெல்லாம் காய்ந்த நுரை, ஈஸ்ட் சாற்று நாற்றம். கதவுக்கு வெளியே வந்தால் என் செருப்பைக் காணவில்லை. யாரோ மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். போனவர் தன்னுடையதையாவது விட்டுப்போனாரா என்றால், அதிலும் இடது கால் மட்டும்தான் கிடக்கிறது.