போர்டு மாறினால் போதுமா?
"லாப நோக்கற்ற ஆன்லைன் பல்கலைக்கழகமா, தைரியமாகச் சேரலாம்" என்கிற தொனியில் ஆன்லைன் பல்கலைக்கழகங்கள் பற்றிய உங்கள் கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது.

அமெரிக்காவில் லாப நோக்கில் நடக்கும் கல்வி நிறுவனங்கள் அடித்த கூத்து ஊரறிந்தது. 2015-ல் கொரிந்தியன், 2016-ல் ஐடிடி டெக் என்று இழுத்து மூடினார்கள். மாணவர்கள் கடனோடு நடுத்தெருவில் நின்றார்கள். ஏமாற்று விளம்பர வழக்கில் ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் 2019-ல் 19.1 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. சரி.

ஆனால் லாப நோக்கில் நடந்த கப்லான் பல்கலைக்கழகத்தை, அரசுப் பல்கலைக்கழகமான பர்டூ வெறும் 1 டாலருக்கு வாங்கிய கதையை ஏன் விட்டுவிட்டீர்கள்? வாசலில் போர்டு மாறியது. மார்க்கெட்டிங் உள்ளிட்ட பின்னணி வேலைகள் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் அதே கப்லான் கம்பெனியிடமே போயின. பெரிய பெயருள்ள சில லாப நோக்கற்ற பல்கலைக்கழகங்களும் ஆன்லைன் படிப்பை வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, கட்டணத்தில் பாதிக்கு மேல் பங்கு தந்திருக்கின்றன.

என் அனுபவம் ஒன்று. அப்படியொரு 'லாப நோக்கற்ற' இடத்தின் தளத்தில் கட்டணம் பார்க்கவே போன் நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் அழைப்பு. "இன்னைக்கே சேர்ந்துட்டா விண்ணப்பக் கட்டணம் கிடையாது சார்!" பேசியவர் பல்கலைக்கழக ஊழியரே இல்லை என்பது துருவித் துருவிக் கேட்டபிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் போன் ஓயவில்லை.

எல்லாரும் அப்படியில்லை, ஒத்துக்கொள்கிறேன். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் என்ற லாப நோக்கற்ற ஆன்லைன் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் கூடுதல் காசு இல்லை. அடுத்த கட்டுரையில் விளம்பரத்துக்கு எவ்வளவு போகிறது, வகுப்பெடுப்பவருக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கையும் போடுங்களேன்.