கையேட்டில் இருக்கும் அந்த ஒரு பகுதி

கலிபோர்னியாவில் தேர்தலுக்குத் தேர்தல் இத்தனை முன்மொழிவுகளை, அதாவது மக்களே நேரடியாக வாக்களித்து முடிவுசெய்யும் சட்ட யோசனைகளை, மக்கள் முன் வைத்தால் யாருக்குப் புரியும் என்று ஒரு கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் வாக்காளர்களுக்கு மாநிலம் தருகிற வாக்காளர் கையேட்டில் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் எழுதும் நிதி அலசலை அவர் தொடவே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

2024 நவம்பரில் வந்த முன்மொழிவு 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி, சமுதாயக் கல்லூரிக் கட்டடங்களுக்கு 1,000 கோடி டாலர் கடன்பத்திரம். இதை அடைக்க மாநிலத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டாலர் வீதம் 35 ஆண்டுகள் ஆகும் என்று அந்த அலுவலகம் எழுதியது. பெருக்கிப் பாருங்கள், 1,750 கோடி வருகிறது. ஆதரியுங்கள் என்றோ எதிருங்கள் என்றோ ஒரு சொல் கிடையாது. வீட்டுக்கடன் கட்டுகிற யாருக்கும் இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

ஆளுநரின் நிதித்துறை தருகிற எண்களை மட்டும் நம்பியிருக்காமல் சட்டமன்றத்துக்கென்று சொந்தக் கணக்கு வேண்டும் என்று 1941-இல் தொடங்கிய அலுவலகம் இது. ஆலன் போஸ்ட் 1949 முதல் 1977 வரை அதை நடத்தினார். எர்ல் வாரன், ரீகன், ஜெர்ரி பிரவுன் என்று இரண்டு கட்சி ஆளுநர்களின் பட்ஜெட்டும் அவர் கையில் அலசப்பட்டது. அப்புறம் 1990-இல் முன்மொழிவு 140 சட்டமன்றச் செலவுக்கு உச்சவரம்பு வைத்தபோது இந்த அலுவலகத்திலும் ஆட்களைக் குறைக்க வேண்டிவந்தது. கணக்குப் பார்த்துச் சொல்கிறவர்களையே குறைத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான்.